தலையணைக்குள்ள என்ன இருக்கு?



16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹாரிசன் என்று ஒரு பாதிரியார் இருந்தார். தன் நாட்டைப் பற்றி ஒரு நீளமான விவரணை எழுதினார். 1577-ல் முதல் பதிப்பு வந்தது. சட்டம், சர்ச், சந்தை, சாப்பாடு எல்லாம் அதில் உண்டு. நடுவில் ஒரு இடத்தில் தலையணையும் வருது. எஸ்ஸெக்ஸ் பகுதியில் அவர் ஊர்ல இருந்த வயசானவங்க, காலம் எப்படி மாறிப்போச்சுன்னு சொன்னதை அங்க பதிவு பண்ணியிருக்கார். அவங்க சின்ன வயசுல வைக்கோல்ல படுத்தாங்களாம். தலைக்கு உருண்டையா ஒரு மரக்கட்டை. கல்யாணம் ஆகி ஏழு வருஷத்துக்குள்ள ஒருத்தன் ஒரு மெத்தையும், தலைக்குப் பதர் அடைச்ச ஒரு சாக்கும் வாங்கிட்டான்னா, ஊர்ப் பிரபுவுக்குச் சமமா வாழறோம்னு நினைச்சுக்குவானாம். அப்போ நிஜமான தலையணை யாருக்கு? பிள்ளை பெத்துப் படுத்திருக்கற பெண்களுக்கு மட்டும்.

பதர் அடைச்ச சாக்கு வாங்க ஏழு வருஷம். எனக்கு ஆன்லைன்ல ஒரு தலையணை வாங்க மூணு வாரம் ஆச்சு, அதுவும் காசு இல்லாம இல்ல. மெமரி ஃபோம், லேடெக்ஸ், மைக்ரோஃபைபர், இலவம் பஞ்சு, வாத்து இறகு, ஏதோ ஒரு தானியத்தோட உமி. 300 ரூபாய்ல ஆரம்பிச்சு 6,000 ரூபாய் வரைக்கும் போகுது. ரிவ்யூல ஒருத்தர் 'கழுத்து வலி போயே போச்சு'ங்கறார், அதே தலையணைக்கு அடுத்தவர் 'கழுத்து வலி வந்ததே இதனாலதான்'ங்கறார். ஆறு வருஷமா லேப்டாப் முன்னாடி குனிஞ்சு கோடு எழுதற என்னை மாதிரி ஆளுக்கு, பிசியோதெரபிஸ்ட் 'முதல்ல தலையணையை மாத்துங்க'ன்னு சொல்லிட்டா, இது விளையாட்டான விஷயம் இல்ல. எங்க அம்மாவுக்கு என்னை விட மோசம். காலையில எழுந்தா அரை மணி நேரம் தலையைத் திருப்ப முடியாது.

அதனால ரிவ்யூவை மூடி வச்சுட்டு, எனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில போனேன். ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்ததுன்னு படிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு தெளிவாச்சு. இந்தக் கடைகள்ல விக்கிற பொருள் எதுவுமே தூக்கத்துக்காகப் பிறந்தது இல்ல. எல்லாமே வேற வேலைக்கு வந்து, மிஞ்சிப்போயோ வழிமாறியோ நம்ம தலைக்கடியில வந்து சேர்ந்திருக்கு. அந்த முதல் வேலை என்னன்னு தெரிஞ்சா, அது எங்க உதவும், எங்க காலை வாரும்னு ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்லிடலாம். இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான்.

முதல்ல கட்டையான தலையணைகள். மெத்துன்னு இருக்கணும்ங்கறது எல்லாக் காலத்துக்கும் பொதுவான ஆசைன்னு நினைச்சுட்டிருந்தேன். அப்படி இல்ல. 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் எகிப்தில் துட்டன்காமுன் கல்லறையைக் கண்டுபிடிச்சார். உள்ளே இருந்த பொருட்களில் அரசனோட தலைதாங்கிகளும் உண்டு. தந்தத்தில் செஞ்ச ஒண்ணுல, காத்துக்குக் கடவுளான ஷூ மண்டி போட்டு ரெண்டு கையாலயும் அந்த வளைவைத் தாங்கிட்டு இருப்பார். இன்னொண்ணு நீலக் கண்ணாடி. சாதாரண மக்கள் மரத்துல வச்சிருந்தாங்க. ஒரு அடிப்பலகை, ஒரு தண்டு, மேலே பிறை மாதிரி ஒரு வளைவு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரம். தலையோட பின்பக்கமும் கழுத்தும் அந்தப் பிறையில உட்காரும்.

இது என்ன கொடுமைன்னு தோணும். ஆனா அந்த ஊர் வெயிலை நினைச்சுப் பாருங்க. தலைக்கடியில காத்து போகும், வேர்க்காது. தரையிலிருந்து தலை மேல இருக்கறதால பூச்சித் தொல்லை குறையும். செஞ்சு வச்ச தலை அலங்காரம் கலையாது. மேல ஒரு துணியைச் சுத்திக்கிட்டா கொஞ்சம் இதமாவும் இருக்கும். கென்யாவோட துர்க்கானா மக்கள்ல ஆண்கள் கையோட எடுத்துட்டுப் போற சின்ன மர முக்காலி இதே குடும்பம்தான். பகல்ல உட்கார, ராத்திரி தலைக்கு. இதுல நான் கவனிச்சது உயரம். பக்கவாட்டில் படுத்தா தோளுக்கும் தலைக்கும் நடுவுல ஒரு பள்ளம் வருதில்லையா, அந்தப் பள்ளத்துக்கு இந்த உயரம் கணக்கா பொருந்துது. பொருள் கல்லா இருக்கலாம், மரமா இருக்கலாம், உயரம் சரியா இருந்தாகணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கடைசியில இதுக்கு வர்றேன்.

சீனாவுல ஒரு படி மேல. தாங், சோங் அரசர்கள் காலத்துல, அதாவது 7-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரைக்கும், பீங்கான்ல தலையணை செஞ்சாங்க. உள்ளே வெற்றிடம், வெளியே வழவழன்னு பளபளப்பு. கோடை ராத்திரியில கன்னத்தை வச்சா ஜில்லுன்னு இருக்கும். சிஷோ சூளைகள்ல செஞ்சது மேல புலி, பூ, கவிதை வரி எல்லாம் வரைஞ்சிருப்பாங்க. பீஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துல ஒரு குழந்தை குப்புறப் படுத்திருக்கற வடிவத்துல ஒண்ணு இருக்கு, டிங் சூளையோடது. குழந்தையோட முதுகுதான் நீங்க தலை வைக்க வேண்டிய இடம்.

இந்தப் பீங்கான் தலையணையை வச்சு ஒரு கதையே இருக்கு. தாங் காலத்து எழுத்தாளர் ஷென் ஜிஜி எழுதினது. ஹான்டான் போற வழியில ஒரு சத்திரம். ஒரு இளைஞன் 'வாழ்க்கையில ஒண்ணும் சாதிக்கலையே'ன்னு ஒரு தாவோ சாமியார்கிட்ட புலம்பறான். அவர் ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கற ஒரு பீங்கான் தலையணையை நீட்டி 'படுத்துக்கோ'ங்கறார். சத்திரக்காரர் அப்பதான் தினை வேகவைக்க ஆரம்பிச்சிருக்கார். பையன் அந்த ஓட்டை வழியா உள்ளே போறான். பணக்கார வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் பண்றான், பரீட்சையில தேறறான், மந்திரி ஆகறான், பொய் வழக்குல நாடு கடத்தப்படறான், மறுபடி பதவி, பேரப் பிள்ளைங்க, 80 வயசு தாண்டி சாவு. முழிச்சுப் பாத்தா தினை இன்னும் வேகல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இந்தக் கதையைப் படிச்சிருந்தா நான் ராஜினாமா கடிதம் எழுதியிருப்பேன்.

சோங் காலத்துல சிமா குவாங்னு ஒரு வரலாற்று ஆசிரியர். சீனாவோட வரலாற்றை 294 தொகுதிகளா எழுதினவர். 19 வருஷ வேலை, 1084-ல முடிஞ்சது. அவர் வச்சிருந்தது உருண்டையான ஒரு மரக்கட்டை. அசந்து தூங்கினா கட்டை உருண்டுடும், தலை தட்டி முழிப்பு வந்துடும், எழுந்து எழுத உட்கார்ந்துடுவார். அதுக்கு எச்சரிக்கைத் தலையணைன்னே பேர். தூங்க விடாம இருக்கறதுக்காகவே ஒரு தலையணை. ரிலீஸ் நேரத்துல இப்படி ஒண்ணை ஆஃபீஸ்லயே கொடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு.

ஜப்பான்ல காரணம் தலைமுடி. எடோ காலத்துப் பெண்களோட கொண்டை மெழுகு மாதிரி எண்ணெய் தடவி கட்டினது. கட்ட நேரம் ஆகும், காசும் ஆகும், அதனால பல நாள் அப்படியே வச்சிருக்கணும். அதுக்காக ஒரு மரப்பெட்டி, அது மேல உருளையா ஒரு சின்ன மூட்டை. கழுத்து மட்டும் அதுல இருக்கும், கொண்டை அந்தரத்துல. 1885-ல டோக்கியோவில் ஒரு சங்கம் தொடங்கி, இந்தக் கொண்டை சௌகரியமும் இல்ல, சுத்தமும் இல்ல, சிக்கனமும் இல்ல, எளிமையா முடியுங்கன்னு பிரசாரம் பண்ணாங்க. கொண்டை போச்சு, பெட்டியும் பின்னாடியே போச்சு. அந்தச் சின்ன மூட்டைக்குள்ள இருந்தது மட்டும் தப்பிச்சு இன்னைக்கு நம்ம ஆன்லைன் கடை வரைக்கும் வந்திருக்கு. பக்வீட் உமி. ஜப்பான்காரங்க சோபா நூடுல்ஸ் செய்யற தானியத்தை மாவாக்கினதுக்கு அப்புறம் மிஞ்சற தோல். கரகரன்னு சத்தம் போடும், கனமா இருக்கும். ஆனா உமிக்கு நடுவுல காத்து போகும், அள்ளி எடுத்து உயரத்தைக் குறைச்சுக்கலாம். எஸ்ஸெக்ஸ்காரங்க ஏழு வருஷம் காத்திருந்து வாங்கின பதர் சாக்குக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி.

இப்போ மெத்துன்னு இருக்கறதுக்கு வருவோம். மெத்துன்னு இருக்கற தலையணையில ஒரு பெரிய சிக்கல் உண்டு. உள்ளே என்ன இருக்குன்னு வாங்கறவனுக்குத் தெரியாது. பீங்கானைத் தட்டிப் பாக்கலாம், கட்டையைக் கண்ணால பாக்கலாம். தைச்சு மூடின பை அப்படி இல்ல. நம்ம பாஷையில சொன்னா சோர்ஸ் கோடு மூடி வச்ச சாஃப்ட்வேர். ஏமாத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 1495-லேயே இங்கிலாந்து நாடாளுமன்றம் இதுக்காகச் சட்டம் போட்டிருக்கு. கொதிதண்ணியில முக்கிப் பறிச்ச இறகையும் உலர்வாப் பறிச்ச இறகையும் கலந்து அடைச்சு விக்கக்கூடாது, மெத்தையிலயும் தலையணையிலயும் ஒரே வகைதான் இருக்கணும்னு. கொதிதண்ணி இறகு நாத்தம் அடிக்கும், பூச்சி வைக்கும். அமெரிக்காவுல 20-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பழைய கந்தல், நோயாளி படுத்த படுக்கையிலிருந்து எடுத்த பஞ்சு இதையெல்லாம் புதுசுன்னு அடைச்சு வித்தாங்க. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு தலையணையிலயும் 'உள்ளே இருப்பது இன்னது' என்கிற துண்டுச்சீட்டு கட்டாயம் ஆச்சு. ஓரத்துல உறுத்துதேன்னு நாம வெட்டி எறியற சீட்டு ஒண்ணு இருக்கே, அதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

இறகைப் பத்திப் பெருசா சொல்றதுக்கில்ல. வாத்தும் பெருவாத்தும் குளிர்ல சாகாம இருக்க உடம்புல வளர்க்கற போர்வை அது. குளிர் நாட்டுல சமையலறைக்கு வந்த பறவையோட மிச்சம் படுக்கையறைக்குப் போச்சு. அதோட முதல் வேலையே சூட்டை வெளியே விடாம பிடிச்சு வைக்கறது. மே மாசச் சென்னையில அதைக் காசு கொடுத்து வாங்கித் தலைக்கு வைக்கறது எனக்குப் புரியல. ஹோட்டல் ஏசி அறையில சுகமா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா தலையோட எடை கிட்டத்தட்ட 5 கிலோ. இறகு அதைத் தாங்காது, ரெண்டு பக்கமும் விலகி நடுவுல பள்ளமாயிடும்.

அடுத்து நம்ம இலவம் பஞ்சு. எங்க வீட்டுல தலையணைன்னாலே இதுதான். தேனிப் பக்கம், குறிப்பா போடிநாயக்கனூர், இதுக்குப் பேர் போன ஊர். கோடையில காய் முத்தி வெடிக்கும். 'இலவு காத்த கிளி'ன்னு பழமொழியே இருக்கு. காய் பழுக்கும்னு கிளி காத்திருந்து, கடைசியில பஞ்சு பறந்துபோற கதை. இதுல எனக்கு ஆச்சரியமா இருந்த ஒரு விஷயம். பழைய இலக்கியத்துல பெண்ணோட உதட்டுக்கு உவமையா வர்ற இலவம், சிவப்பா பூ பூக்கற முள்ளிலவு. தலையணைக்குள்ள அதிகமா போறது வெளிர் நிறப் பூ பூக்கற இன்னொரு மரம். அதோட பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்காவும் மேற்கு ஆப்பிரிக்காவும். மிளகாய், தக்காளி மாதிரி இதுவும் நம்ம ஊர்க்காரனாவே ஆயிடுச்சு.

இலவம் பஞ்சு ஏன் நூலாகல, ஏன் வேட்டியாகல? இழை குட்டை, வழவழப்பு, சீக்கிரம் முறியும். முறுக்கினா ஒண்ணோட ஒண்ணு பிடிக்காது. பருத்தி நெசவுக்குப் போச்சு, நெசவுக்கு ஆகாத இது தலையணைக்கு வந்தது. ஆனா ஒவ்வொரு இழையும் உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம், மேல மெழுகுப் பூச்சு. தண்ணி ஒட்டாது, மிதக்கும். அதனால ஒரு காலத்துல உலகம் முழுக்கக் கப்பல்ல இருந்த உயிர் காக்கும் அங்கிகளுக்குள்ள இதைத்தான் அடைச்சாங்க. அதுல பெரும்பகுதி ஜாவாவிலிருந்து போனது. 1942-ல ஜப்பான் ஜாவாவைப் பிடிச்சதும் அமெரிக்கக் கடற்படைக்குப் பஞ்சு நின்னு போச்சு. என்ன பண்ணாங்கன்னா, எருக்கஞ்செடிக்குச் சொந்தமான ஒரு செடி அங்க வயல் ஓரமெல்லாம் வளரும், அதோட காய்க்குள்ளயும் இதே மாதிரி பஞ்சு. பள்ளிக்கூடப் பிள்ளைங்களை விட்டுப் பொறுக்கச் சொன்னாங்க. ரெண்டு பை காய் சேர்த்தா ஒரு உயிரைக் காப்பாத்தலாம்னு சுவரொட்டி ஒட்டினாங்க. நம்ம பாட்டி மொட்டை மாடியில காயப்போட்ட அதே வகைப் பஞ்சுக்கு மாற்றுத் தேடி ஒரு வல்லரசு பிள்ளைங்களை வயலுக்கு அனுப்பியிருக்கு.

அந்தச் சுபாவத்தை வச்சே இதோட நல்லது கெட்டதைச் சொல்லிடலாம். லேசு, சூடாகாது, வேர்வையை உறிஞ்சாது. ஆனா இழை முறியறதால நாளடைவுல தூளாகும், தூசி ஒத்துக்காதவங்களுக்குத் தும்மல் வரும். கட்டி பிடிக்கும். துவைக்க முடியாது, வெயில்லதான் போடணும். நெருப்புக்கிட்ட கொண்டு போகக்கூடாது, குப்புன்னு பிடிச்சுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பஞ்சு கொட்டறவர் தெருவுல வருவார், உறையைப் பிரிச்சு நம்ம கண் முன்னாடியே உதறி அடிச்சு, மறுபடி அடைச்சுத் தைச்சுக் கொடுப்பார். 1495 சட்டம் எதைக் கேட்டுச்சோ அதை இவர் சட்டம் இல்லாமலே செஞ்சிட்டிருந்தார்.

இப்போ லேடெக்ஸ். இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா இதுல நம்ம ஆளுங்க இருக்காங்க.

ரப்பர் மரம் பிரேசிலோடது. 1876-ல ஹென்றி விக்ஹாம் என்கிற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். முளைச்ச கன்றுகள்ல பெரும்பாலானதை இலங்கைக்கு அனுப்பினாங்க, அடுத்த வருஷம் சிங்கப்பூருக்குக் கொஞ்சம் போச்சு. ரொம்ப நாளைக்கு யாருக்கும் அதுல அக்கறை இல்ல. 1888-ல ஜான் டன்லப் காத்தடிச்ச டயருக்குக் காப்புரிமை வாங்கினார், பின்னாடியே கார் வந்தது, மலாயாவில் காட்டை அழிச்சு ரப்பர் நட ஆரம்பிச்சாங்க. வேலை செய்ய ஆள் வேணும். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடுன்னு தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தாங்க. நாகப்பட்டினத்துலயும் சென்னையிலயும் கப்பல் ஏறி பினாங்குல இறங்கினாங்க. எங்க பாட்டியோட பெரியப்பா ஒருத்தர் அப்படிப் போனவர். போனார்ங்கறது மட்டும்தான் வீட்டுல தெரியும். 1938-ல இந்திய அரசு கங்காணி முறையில ஆள் அனுப்பறதைத் தடை பண்ற வரைக்கும் இது நடந்தது.

ரப்பர் பால் எடுக்கறதுக்கு ஒரு நேரம் உண்டு. இருட்டும் குளிர்ச்சியும் இருக்கும்போது மரத்துக்குள்ள அழுத்தம் அதிகம், பால் நல்லா வடியும். வெயில் ஏற ஏற வடியறது நிக்கும். அதனால பால் வெட்டறவங்க விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு, மரம் மரமா பட்டையைச் சீவிக்கிட்டே போவாங்க. முதல்ல மரங்களையெல்லாம் சீவி முடிச்சு, அப்புறம் திரும்ப வந்து கிண்ணம் கிண்ணமா பாலைச் சேகரிக்கணும். தாமதமானா பால் கிண்ணத்துலயே உறைஞ்சிடும். மழை வந்தா அன்னைக்குக் கூலி போச்சு.

உறைஞ்சு தகடான ரப்பர்தான் முதல்ல கப்பல் ஏறினது. அப்புறம் அம்மோனியா கலந்தா பால் உறையாம பாலாவே இருக்கும்னு தெரிஞ்சு, அப்படியே இங்கிலாந்துக்கு அனுப்ப முடிஞ்சது. அதுதான் தலையணைக்கு வழி திறந்தது. 1929-ல டன்லப் கம்பெனியோட ஆய்வுக்கூடத்துல அந்தப் பாலை, கேக்குக்கு முட்டை அடிக்கற மாதிரி நுரை பொங்க அடிச்சு, உறைய வைக்கற மருந்தைச் சேர்த்து, அச்சுல ஊத்தி வேக வச்சாங்க. லட்சக்கணக்கான சின்னக் காத்தறைகளோட ஒரு பஞ்சு கிடைச்சது. டன்லப்பில்லோன்னு பேர் வச்சு வித்தாங்க. தயாரிப்பு முறைக்கு இன்னைக்கும் டன்லப் முறைன்னுதான் பேர். நீங்க வாங்கற லேடெக்ஸ் தலையணை விளம்பரத்துலயும் அந்த வார்த்தை இருக்கும், பாருங்க. விளம்பரத்துல பச்சைப் பசேல்னு தோட்டம், மரத்துல வடியற வெள்ளைப் பால், 'இயற்கை'ங்கற வார்த்தை எல்லாம் வரும். மூணு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்த ஆள் அந்தப் படத்துல இருக்க மாட்டார்.

பொருளா பாத்தா இது டயரோட உறவு. அமுக்கினா உடனே எழும்பும், அதுதான் ரப்பரோட குணம். அதனால தலையை மேல தள்ளித் தாங்கும், வருஷக்கணக்கா வடிவம் மாறாது. டயர் வெயில்ல வெடிச்சுப் பாளம் பாளமா ஆகும் இல்லையா, இதுவும் அப்படித்தான். இலவம் பஞ்சு பழக்கத்துல இதை மாடியில வெயில்ல காயப்போட்டா கெட்டுப்போகும். நிழல்ல காத்தாட வைக்கணும். உண்மையான லேடெக்ஸானு பாக்க எடையைப் பாருங்க, கையில தூக்கினா கனக்கும். 'லேடெக்ஸ் மாதிரி'ன்னு போட்டு விக்கறது வேற ஏதாவது ஃபோமா இருக்கலாம்.

பாலியஸ்டரைச் சீக்கிரமா முடிச்சுடலாம். 1941-ல மான்செஸ்டர்ல துணிக்கு அச்சடிக்கற ஒரு கம்பெனியோட வேதியியலாளர்கள் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடிச்ச இழை. சட்டைக்கு வந்தது. இழைக்கு நடுவுல வெற்றிடம் விட்டு, சிலிக்கான் தடவி, இறகு மாதிரி ஆக்கித் தலையணைக்குள்ள போட்டாங்க. மைக்ரோஃபைபர், ஹாலோ ஃபைபர், கடைக்காரர் சொல்ற ரெக்ரான், எல்லாமே இந்தக் குடும்பம்தான். தண்ணி பாட்டிலும் இதே பிளாஸ்டிக். விலை குறைவு, துவைக்கலாம். வாங்கின மூணு மாசம் மேகம் மாதிரி இருக்கும், அப்புறம் அப்பளம். உங்க வீட்டுல இப்போ இருக்கறதை ரெண்டா மடிச்சு கையை எடுங்க. விரியாம அப்படியே கிடந்தா அதோட ஆயுசு முடிஞ்சது.

மெமரி ஃபோம் பத்தி நாசா, விண்வெளி, நிலான்னு விளம்பரத்துல போட்டுத் தாக்குவாங்க. நாசா தொடர்பு உண்மை. ஆனா விண்வெளி வீரர்கள் தூங்கறதுக்குன்னு யாரும் அதைச் செய்யல. 1966-ல நாசாவோட ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்கிற பொறியாளர் செஞ்சது அது. நோக்கம் விமான இருக்கை. விமானம் மோதும்போது வர்ற அதிர்ச்சியை இருக்கை உறிஞ்சணும், பயணி ஸ்பிரிங்ல எகிறற மாதிரி திரும்பத் தூக்கி எறியப்படக்கூடாது. அதனால மெதுவா அமுங்கி, மெதுவா எழும்பற ஒரு ஃபோம். அப்புறம் படுக்கைப் புண் வராம இருக்க நோயாளிகளுக்கு, சக்கர நாற்காலிக்கு, டல்லஸ் கவ்பாய்ஸ் ஃபுட்பால் அணியோட ஹெல்மெட்டுக்குள்ளன்னு போச்சு. 1980-கள்ல நாசா இந்தத் தொழில்நுட்பத்தைப் பொதுவுக்குத் திறந்து விட்டது. ஸ்வீடன்ல ஒரு ஃபோம் கம்பெனி பல வருஷம் மெனக்கெட்டு, 1991-ல மெத்தையா கொண்டு வந்தது.

இப்போ அந்த முதல் வேலையை யோசிங்க. உடம்பு எங்க அமுக்குதோ அங்க இளகும், அழுத்தம் ஓரிடத்துல சேராது. அது நல்லது. ஆனா இளகறது சூட்டால. ஏசியை 18-ல வச்சா கல்லு மாதிரி இறுகும், மின்சாரம் போன ராத்திரியில தலை புதைஞ்சு வேர்த்துக் கொட்டும். மெதுவா எழும்பறதால, புரண்டு படுத்தா பழைய பள்ளம் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். அடிக்கடி புரளறவங்களுக்கு இது எரிச்சல். ஒரே பக்கமா கட்டை மாதிரி தூங்கறவங்களுக்கு இதைவிட இதமானது கிடையாது. 'ஜெல்' கலந்ததுன்னு விக்கறது முதல் பத்து நிமிஷம் ஜில்லுன்னு இருக்கும். அதுக்கு மேல நான் நம்பல.

சரி, எதை வாங்கறது? பக்கவாட்டில் படுக்கறவங்களை வச்சு ஆஸ்திரேலியாவுல 2010-ஐ ஒட்டி சில ஆய்வுகள் வந்தது. வேற வேற தலையணையில தூங்க வச்சு, காலையில கழுத்து இறுக்கம், தலைவலி எல்லாம் கேட்டாங்க. லேடெக்ஸ் நல்லா வந்தது, இறகு கடைசி. எனக்கு அதைவிட முக்கியமா படறது எகிப்துக்காரங்க பிடிச்சு வச்சிருந்த அந்த உயரம். பக்கவாட்டில் படுத்தா மூக்கும் நெஞ்செலும்பும் ஒரே கோட்டுல இருக்கணும், அதுக்குத் தோள்பட்டை அளவு உயரம் வேணும். மல்லாந்து படுத்தா அதுல பாதி போதும். குப்புறப் படுக்கறவங்க தலையணையே இல்லாம பழகறது நல்லது. வீட்டுல யாரையாவது ஒரு ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க. 6,000 ரூபாய் தலையணை உயரம் தப்பா இருந்தா 300 ரூபாய் தலையணையை விட மோசம். கடைக்காரர் பொருளைப் பத்தி அரை மணி நேரம் பேசுவார், உங்க தோள் எவ்வளவு அகலம்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டார்.

நான் பக்கவாட்டுக்காரன், நிறைய புரளுவேன், ஏசி கிடையாது. லேடெக்ஸ் வாங்கினேன். அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கித் தர்றேன்னு சொன்னதுக்கு 'அந்த ரப்பர் நாத்தம் எனக்கு ஆகாது'ன்னுட்டாங்க. அவங்க மல்லாந்து படுக்கறவங்க, அவங்க இலவம் தலையணை மூட்டை மாதிரி உசரம். ஓரத்துத் தையலை ஒரு சாண் பிரிச்சு, ரெண்டு கை பஞ்சை வெளியே எடுத்தோம். மறுபடி தைச்சு ரெண்டு நாள் மாடியில வெயில்ல போட்டோம். மூணு நாள் 'என்னவோ போல இருக்கு'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நாலாவது நாளிலிருந்து பேச்சைக் காணோம், காலையில தலையைத் திருப்பிப் பக்கத்து வீட்டு அத்தையோட பேசிட்டிருந்தாங்க. எடுத்த பஞ்சு ஒரு பையில பரண்ல இருக்கு. யாருக்காவது தலையணை தாழ்வா இருந்தா சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்.